நாயோடு மலையேறலாமா? சிக்கல் ஏறுவதில் இல்லை

சிகரத்தில் நின்று நாக்கைத் தொங்கப்போட்டபடி கேமராவைப் பார்க்கும் நாயின் படம் ஒன்று சமூக ஊடகத்தில் பரவும். பாராட்டு குவியும். கொஞ்ச நாளில் வேறொரு மலையில், நடக்க முடியாமல் படுத்துவிட்ட நாயை மீட்புக் குழுவினர் ஸ்ட்ரெச்சரில் சுமந்து இறக்கிய செய்தி வரும். இப்போது வசவு குவியும். படிப்பவருக்குக் குழப்பம்: நாய் மலைக்கு ஏற்ற பிராணியா, இல்லையா?

மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. நாயின் உடல் தாங்குமா என்பது ஒன்று. அந்தத் தரையில் நாயால் போய்த் திரும்ப முடியுமா என்பது இன்னொன்று. நாய் வருவதால் மலையில் இருக்கும் மற்ற உயிர்களுக்கும் மனிதர்களுக்கும் என்ன ஆகும் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு ‘தாங்கும்’ என்று விடை வந்துவிட்டால் மற்ற இரண்டையும் நாய்ப் பிரியர்கள் கேட்பதே இல்லை. மூன்றாவதுக்கு ‘கேடு’ என்று விடை வந்த ஓரிடத்தைக் காட்டி, எல்லா மலைக்கும் அதுவே சட்டம் என்று எதிர்த்தரப்பு பேசுகிறது. பிரித்துப் பார்த்தால் விடை மலைக்கு மலை, நாய்க்கு நாய் மாறுகிறது.

## எந்த மலையேற்றத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

‘மலையேற்றம்’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வகைத் தரை இருக்கிறது.

1. தெளிவான நடைபாதை. செங்குத்தாக இருக்கலாம், நீளமாக இருக்கலாம். ஆனால் கால் மட்டும் போதும்.
2. கரடான சரிவு. உருளும் சரளை, பெரிய கற்குவியல், வழுக்கும் புல்.
3. கையையும் ஊன்றி ஏற வேண்டிய பாறை. விழுந்தால் அடி பலமாக இருக்கும்.
4. கயிறும் கருவியும் இல்லாமல் போகக்கூடாத இடம். செங்குத்துப் பாறை, கூர்முகடு, பிளவுகள் மறைந்திருக்கும் பனியாறு.

முதல் வகையில் ஆரோக்கியமான, பழகிய நாய் பெரும்பாலான மனிதர்களைவிட நன்றாகவே நடக்கும். இரண்டாவதில் நாய்க்கு நாய் வேறுபடும். நான்காவதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அங்கே நாய் ஒரு சுமை, கயிற்றில் தொங்கும் சுமை.

ஏமாற்றுவது மூன்றாவது வகைதான். காரணம், நாய் அதில் ஏறிவிடும். பின்னங்கால்களின் உந்துவிசையால் தாவித் தாவி மேலே போய்விடும். உரிமையாளர் மகிழ்ந்துபோவார். திரும்பும்போதுதான் சிக்கல் தெரியும். அப்படிப்பட்ட பாறையில் இறங்கும் மனிதர் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார், கையால் பிடித்துக்கொண்டு காலால் துழாவி அடுத்த படியைத் தேடுகிறார். நாய்க்கு அந்த வழி கிடையாது. அது தலையை முன்னே நீட்டியபடிதான் இறங்கியாக வேண்டும். அதுவும் எடை முழுக்க முன்னங்கால்களில் விழும்படி.

சமதரையில் நிற்கும்போதே நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. சரிவில் இறங்கும்போது அந்தப் பங்கு இன்னும் கூடும். போதாக்குறைக்கு, மனிதருக்கு இருப்பதுபோலத் தோளை மார்புக்கூட்டோடு இணைக்கும் முழுமையான காறை எலும்பு நாய்க்கு இல்லை. முன்னங்கால்களை உடலோடு பிடித்து வைத்திருப்பவை தசைகளும் தசைநார்களும்தான். ஓடுவதற்கு அருமையான அமைப்பு. ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் ஒவ்வொரு குதிப்புக்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்பவையும் அதே தசைகள்தான். காலையில் சிகரத்துக்குத் துள்ளி ஓடிய நாய் மாலையில் பாதையோரம் படுத்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஏற்றமல்ல, இறக்கம்.

## நாயின் உடல் எங்கே தோற்கும்?

### வெப்பம்

நாயின் இயல்பான உடல்வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் ஹீட் ஸ்ட்ரோக், அதாவது வெப்பத் தாக்கு. மூளை, சிறுநீரகம், குடல், ரத்தம் உறையும் திறன் எல்லாமே பழுதாகக்கூடிய நிலை. இயல்புக்கும் ஆபத்துக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ இரண்டு டிகிரி இடைவெளிதான்.

நாய்க்கு மனிதரைப்போல உடல் முழுக்க வியர்க்காது. பாதத் திண்டுகளில் மட்டும் கொஞ்சம் வியர்வை உண்டு. வெப்பத்தைத் தணிக்க அதன் முக்கிய வழி இரைப்பது. நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு குறைகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது மந்தமாகும். நாய் இரைத்துக்கொண்டே இருக்கும், சூடு குறையாது.

‘மலையில் குளிர்தானே’ என்று தோன்றும். தசை செலவிடும் ஆற்றலில் கால்பங்கு அளவுக்குத்தான் அசைவாக மாறுகிறது, மீதி வெப்பமாகிறது. விடாமல் ஏறும் நாய் தனக்குள்ளேயே உலை மூட்டிக்கொண்டு போகிறது. இதமான நாளில்கூட அது சூடேறலாம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல் என்பதால் இரைத்துத் தணியும் வழியும் பாதி அடைபட்டிருக்கிறது. அவற்றை நீண்ட ஏற்றத்துக்கு அழைத்துப்போகவே கூடாது. அடர்ந்த ரோமம், பருமன், முதுமை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

ஓய்வாக இருக்கும் நாய்க்கே ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 மில்லிலிட்டர் அளவில் தண்ணீர் வேண்டும். 20 கிலோ நாய்க்கு 1 லிட்டர். ஏறும் நாளில் தேவை இதைப்போலப் பல மடங்கு ஆகலாம். இந்தத் தண்ணீரை யார் சுமப்பது என்பது கிளம்புவதற்கு முன் முடிவாக வேண்டிய விஷயம். நாயின் முதுகிலேயே பையைக் கட்டுபவர்கள் உண்டு. முழு வளர்ச்சி அடைந்த, பழகிய நாய்க்கு அதன் எடையில் 10 விழுக்காட்டுக்குள் தொடங்குவது நல்லது.

### பாதம்

பாதத் திண்டின் தோல் தடிமனானது, ஆனால் அது காலணி இல்லை. கருங்கல் பாறையும் கூர்ச்சரளையும் சில மணி நேரத்தில் அதைத் தேய்த்து உரித்துவிடும். பனியில் விரல்களுக்கிடையே உள்ள ரோமத்தில் பனிக்கட்டி உருண்டைகள் சேர்ந்து நடக்கவிடாமல் செய்யும். நாய்க் காலுறைகள் கடைகளில் கிடைக்கின்றன. மலைக்குப் போகும் அன்று காலையில் முதன்முறையாக மாட்டிவிட்டால் நாய் அதைக் கழற்றி எறிவதிலேயே குறியாக இருக்கும். வாரக்கணக்கில் வீட்டுப் பக்கத்திலேயே பழக்கினால்தான் பயன்.

### வயது

பெரிய இன நாய்களின் எலும்பு வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்ள 12 முதல் 18 மாதம்வரை ஆகலாம். அதற்குமுன் நீண்ட இறக்கங்களில் குதிக்க விடுவது மூட்டுகளுக்குக் கேடு.

## உயரம்

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். 3,000 மீட்டரில் கடல்மட்ட அழுத்தத்தில் சுமார் 70 விழுக்காடு இருக்கும், 5,500 மீட்டரில் பாதிதான் இருக்கும். மனிதரைப்போலவே நாய்க்கும் மலைநோய் வரும். பசியின்மை, வாந்தி, சோர்வு, தள்ளாட்டம், பெரிய ஏற்றம் இல்லாதபோதும் நிற்காத இரைப்பு. மனிதருக்குத் தலைவலி வந்தால் வாய்விட்டுச் சொல்வார். நாய்க்குத் தலைவலியா என்று யாரும் கேட்க முடியாது. கீழே இறக்குவதே முதல் மருத்துவம்.

இங்கே இரண்டு கதைகளைச் சொல்லி ‘நாய்க்கு உயரம் பொருட்டே அல்ல’ என்று வாதிடுவார்கள். ஒன்று, 1875இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறிய சிங்கெல் என்ற பெண் நாய். மலையேறி டபிள்யூ. ஏ. பி. கூலிட்ஜுக்கு வழிகாட்டி கிறிஸ்டியன் ஆல்மர் கொடுத்தது அது. மற்றொன்று, 2018 நவம்பரில் நேபாளத்தின் 7,129 மீட்டர் உயரமுள்ள பாருன்ட்சே சிகரத்தை அடைந்த மெரா என்ற தெருநாய். இரண்டும் உண்மைதான். ஆனால் மெராவை யாரும் அழைத்துப்போகவில்லை. ஏற்கெனவே 5,000 மீட்டருக்கு மேல் திரிந்துகொண்டிருந்த அந்த நாய், தானாக மலையேற்றக் குழுவின் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. உயரத்துக்குப் பழகிய உடல், எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடும் சுதந்திரம் இரண்டும் அதற்கு இருந்தன.

மரபும் சேர்ந்துகொள்கிறது. திபெத்திய மாஸ்டிஃப் இனத்தில் இபிஏஎஸ்1 என்ற மரபணு மாறியிருக்கிறது. உயரத்தில் ரத்தம் அளவுக்கு மீறித் தடிமனாகாமல் காக்க அது உதவுகிறது. அந்த மாற்றம் திபெத்திய ஓநாய்களோடு நடந்த கலப்பால் வந்தது என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. சமவெளியில் குளிரூட்டிய அறையில் வளர்ந்த லேப்ரடாருக்கு அந்த முன்னோர் சொத்து இல்லை. உயரம் கூடக்கூட நாய்க்கும் பழகும் அவகாசம் தர வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று மனிதருக்குச் சொல்லப்படும் விதியைவிட வேகமாக நாயை இழுத்துப்போக எந்தக் காரணமும் இல்லை.

## நாய் ‘போதும்’ என்று சொல்லாது

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. களைத்த மனிதர் உட்கார்ந்துகொள்வார், திட்டுவார், திரும்பிவிடுவார். நாய் உரிமையாளரைவிட்டுப் பிரிவதைத் தவிர வேறு எதையும் சகித்துக்கொள்ளும். பாதம் உரிந்தும் நடக்கும். அதன் வலி நமக்குத் தெரியும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் நுட்பமானவை. முன்னே ஓடிய நாய் பின்னால் வரத் தொடங்குவது. நிழல் கண்ட இடமெல்லாம் படுப்பது. நிற்கும்போது பாதத்தை நக்குவது. பின்னங்கால் நடுக்கம். தின்பண்டத்தை வாங்க மறுப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலே திரும்ப வேண்டும், ‘சிகரம் இன்னும் அரைமணி நேரம்தான்’ என்றாலும்.

2020 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் மலையில் டெய்சி என்ற செயின்ட் பெர்னார்ட் நாய் இறங்கும் வழியில் படுத்துவிட்டது. 55 கிலோ எடை. பின்னங்கால் வலி, அசைய மறுத்துவிட்டது. வாஸ்டேல் மலைமீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் 16 பேர், சுமார் 5 மணி நேரம் போராடி இறக்கினார்கள். மலை வெறும் 978 மீட்டர். பனியில் சிக்கிய மனிதர்களை மீட்பதற்கென்றே பெயர்பெற்ற இனம் அது என்பதால் செய்தி உலகெங்கும் போனது. இன்னொன்றும் அதில் இருக்கிறது: பெயர்பெற்ற இனமும் இந்த ஒரு நாயும் வேறுவேறு.

2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோவில், 4,200 மீட்டரைத் தாண்டிய பியர்ஸ்டாட் மலைப் பகுதியில் நடந்தது இதைவிடக் கசப்பானது. மிஸ்ஸி என்ற ஜெர்மன் ஷெப்பர்டின் பாதங்கள் பாறையில் கிழிந்துபோயின. புயல் நெருங்கியது. தூக்கிக்கொண்டு இறங்க முடியாமல் உரிமையாளர் அதை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார். ஒரு வாரத்துக்குப் பிறகு தன்னார்வலர்கள் போய் முதுகுப்பையில் வைத்து அதைச் சுமந்து வந்தார்கள். உரிமையாளர்மீது மிருகவதை வழக்கு பதிவானது. அவரை அரக்கன் என்று திட்டுவது எளிது. ஆனால் பிழை நடந்த இடம் அந்த முகடு அல்ல. பெரிய நாயோடு அந்தக் கற்குவியலுக்குக் கிளம்பலாம் என்று முடிவெடுத்தபோதே அது நடந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு நல்ல வழி எதுவுமே மிச்சமிருக்கவில்லை.

ஆகவே எடைக் கணக்கு ஒன்று போடலாம். 10 கிலோ நாயை ஒருவர் முதுகுப்பையில் வைத்து இறங்கிவிடலாம். 25 கிலோ நாய்க்குச் சுமக்கும் பட்டையும் மாற்றி மாற்றித் தூக்க இரண்டு மூன்று பேரும் வேண்டும். 50 கிலோ என்றால் அது மீட்புக் குழுவின் வேலை. உங்கள் குழுவால் தூக்கி இறக்க முடியாத நாயை, அது தன் காலில் நடந்து வரமுடியாமல் போகக்கூடிய இடத்துக்கு அழைத்துப்போகக் கூடாது. இந்த ஒரு விதி பெரும்பாலான செய்திகளைத் தடுத்திருக்கும்.

## மலையில் இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது?

நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் மான், மலையாடு, தரையில் கூடுகட்டும் பறவை ஆகியவற்றின் மூக்குக்கு அது ஓநாயின் உறவுக்காரன். 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆஸ்திரேலியாவின் சிட்னி அருகே காட்டுப்பாதைகளில் கயிற்றில் கட்டிய நாயோடு நடந்தபோது தென்பட்ட பறவை இனங்கள் 35 விழுக்காடும் பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்ததைப் பதிவுசெய்தது. மனிதர் மட்டும் நடந்தபோது ஏற்பட்ட விளைவு இதில் பாதிகூட இல்லை. கட்டியிருந்த நாய்க்கே இந்தக் கணக்கு. அவிழ்த்துவிட்ட நாய் துரத்தவும் செய்யும். உயர்மலையில் குறுகிய கோடையில் உடலில் கொழுப்பைச் சேர்த்துக் குளிர்காலத்தைக் கடக்க வேண்டிய விலங்குக்கு ஒவ்வொரு ஓட்டமும் சேமிப்பிலிருந்து போகும் செலவு.

நோய் இன்னும் கனமான விஷயம். எத்தியோப்பியாவின் பாலே மலைகளில் 3,000 மீட்டருக்கு மேல் வாழும் எத்தியோப்பிய ஓநாய்கள் உலகில் சில நூறே மிஞ்சியிருக்கின்றன. வளர்ப்பு நாய்களிடமிருந்து பரவிய ரேபீஸும் (வெறிநோய்) டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் அவற்றைத் திரும்பத் திரும்ப வாரிக்கொண்டு போயிருக்கின்றன. அங்கே காரணம் மலையேறிகளின் நாய்கள் அல்ல, மேய்ப்பர்களின் நாய்கள். ஆனாலும் கிருமி அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. தடுப்பூசி போடாத நாயை மலைக்கு அழைத்துப்போவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. மலையிலிருந்து நாய்க்கு வருவதும் உண்டு: உண்ணி, எலிக்காய்ச்சல், ஓடைத்தண்ணீரில் வரும் குடல் ஒட்டுண்ணிகள்.

‘இயற்கை உரம்தானே’ என்று கழிவை விட்டுவிட்டு வருபவர்களுக்கு ஒரு கணக்கு. பெல்ஜியத்தின் கென்ட் நகர் அருகே இருக்கும் காப்பிடங்களில் நடந்து, 2022இல் வெளியான ஆய்வின்படி, நாய்களின் மலமும் சிறுநீரும் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேருக்கு 11 கிலோ நைட்ரஜனையும் 5 கிலோ பாஸ்பரஸையும் மண்ணில் சேர்த்தன. அது நகரையொட்டிய, நாய்கள் நிறைய வரும் இடம். மலைப்பாதைக்கு அதே எண் பொருந்தாது. ஆனால் உயர்மலைச் செடிகள் சத்துக்குறைந்த மண்ணுக்கே பழகியவை. அங்கே உரம் சேர்ந்தால் களைதான் செழிக்கும். மலத்தை எடுத்துவிட்டால் பாஸ்பரஸ் சுமை ஏறத்தாழ முழுவதும் நீங்கிவிடும், நைட்ரஜன் பாதியளவு குறையும். பையில் கட்டி எடுத்த கழிவைப் பாதையோரக் கிளையில் தொங்கவிட்டுப் போகும் ஒரு கூட்டமும் இருக்கிறது. அவர்கள் மலத்தோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்து மலைக்குத் தருகிறார்கள்.

இந்தக் காரணங்களால்தான் சட்டங்கள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. 1914இல் தொடங்கிய சுவிஸ் தேசியப் பூங்காவில் கயிற்றில் கட்டிக்கூட நாயைக் கொண்டுபோகக் கூடாது. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் பெரும்பாலான மலைப்பாதைகளில் அனுமதி இல்லை. இங்கிலாந்தின் திறந்த மலைநிலங்களில் அனுமதி உண்டு. ஆனால் பறவைகள் முட்டையிடும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். ஒரு மலையில் அனுமதி இருப்பது பக்கத்து மலைக்குச் செல்லாது.

## கயிறும் பசுக்களும்

‘நாயை எப்போதும் கயிற்றில் வை’ என்பது நல்ல விதி. இதற்கு ஒரே ஒரு விலக்கு. மலைமேய்ச்சலில் கன்றோடு நிற்கும் பசு, மனிதரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. நாயைக் கண்டால் வேட்டைவிலங்கு வந்ததாக எண்ணித் தாக்கவரும். நாய் பயந்து உரிமையாளரிடம் ஓடிவரும். மந்தையும் கூடவே வரும்.

2014இல் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் நாயோடு நடந்துபோன ஒரு பெண் இப்படித்தான் மாடுகள் தாக்கி உயிரிழந்தார். நாய்க்கயிறு அவருடைய இடுப்பில் மாட்டியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2020இல் விவசாயிக்கும் இறந்தவருக்கும் பொறுப்பில் பாதிப்பாதி என்று முடிந்தது. இன்றும் கைகளுக்கு ஓய்வு என்று இடுப்புக்கயிறு மலையேறிகளிடம் பரவலாக விற்கிறது. அதை மாட்டினால் ஒரே இழுப்பில் அவிழும் கொக்கி இருக்க வேண்டும். மேய்ச்சல்வெளியில் கயிறு கையில் இருப்பதே மேல். மந்தையைக் கண்டால் சுற்றிப்போக வேண்டும். பசு பாய்ந்து வந்தால் கயிற்றை விட்டு நாயை ஓடவிட வேண்டும். அது மாட்டைவிட வேகமாக ஓடிவிடும், மனிதரால் முடியாது.

## முடிவெடுக்கும் வரிசை

கேள்விகளைக் கேட்கும் வரிசை முக்கியம். பலர் ‘என் நாய் ஆரோக்கியம்தானே’ என்று தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டும்.

1. அங்கே நாய்க்கு அனுமதி உண்டா? இல்லையென்றால் அடுத்த கேள்விகளுக்கு வேலை இல்லை.
2. பாதையில் மூன்றாம் வகைத் தரை எங்காவது வருகிறதா? ஏணி, இரும்புக்கம்பி, சங்கிலி பொருத்திய இடங்களும் இதில் அடங்கும். வந்தால் நாய் வீட்டில் இருக்கட்டும்.
3. நாயால் நடக்க முடியாமல் போனால், பாதையின் மிகத் தொலைவான இடத்திலிருந்து தூக்கி இறக்க ஆள் உண்டா?
4. இரவு தங்கும் விடுதி நாயை ஏற்குமா? பலவும் ஏற்பதில்லை. அங்கே நாய்க்குப் பயப்படுபவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் அதே கூரையின்கீழ் தூங்க வேண்டும்.
5. இதே அளவு ஏற்ற இறக்கத்தில் பாதியையாவது இந்த நாய் சமீபத்தில் நடந்து, மறுநாள் காலையில் நொண்டாமல் எழுந்ததா?
6. வயது, இனம், தடுப்பூசி, அன்றைய வெயில்.

முதலுதவிப் பையைப் பற்றி இரண்டு சொல். சூடேறி விழுந்த நாயை முதலில் அந்த இடத்திலேயே குளிர்விக்க வேண்டும், பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கிடைக்கும் தண்ணீரை உடலில் ஊற்றி விசிறுவது சரி. ஈரத்துண்டைப் போர்த்தி வைப்பது தவறு, அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். மனிதருக்கான வலிமாத்திரைகளான இபுப்ரோஃபென், பாராசிட்டமால் ஆகியவற்றை நாய்க்குக் கொடுக்கக் கூடாது, அவை அதற்கு நஞ்சாகும். கால்நடை மருத்துவர் எழுதித்தந்த மருந்தை மட்டும் எடுத்துப்போகலாம். மலையேறிகள் சட்டைப்பையில் போட்டு மென்றுகொண்டே நடக்கும் உலர்பழக் கலவையில் இருக்கும் திராட்சையும் சாக்லேட்டும், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் சேர்க்கப்படும் சைலிட்டாலும் அதற்கு நஞ்சுதான். சிகரத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பிடி பங்கிடும்போது நாய்க்கு அதனுடைய பொட்டலத்தைத் தனியே பிரிக்க வேண்டும்.